மலையூருக்கு ரயிலேறும் முன்: ஜப்பானியச் சமூகத்தை ஆராயப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் முதியவர்கள் மட்டுமே மிஞ்சிவரும் ஊர்களைப் பற்றி ஆராய வேண்டும் என்று யாராவது எழுதிக் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்: கிராமத்துக்குப் போவதற்கு முன் டோக்கியோவில் ஒரு மாதமாவது உட்காருங்கள். நான் உட்காரவில்லை. வந்து இறங்கிய பத்தாவது நாளே சன்ரைஸ் இசுமோ என்கிற இரவு ரயிலைப் பிடித்து ஷிமானே மாகாணத்துக்குப் போய்விட்டேன். பையில் 120 வினாத்தாள்கள். ஒரு மலையூரில் வீடு வீடாகப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன். திரும்பி வந்தவை 9.

ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. டோக்கியோவுக்குத் திரும்பி வந்த பிறகு, கியோய்ச்சோவில் இருக்கும் ஜெர்மன் ஜப்பானியல் ஆய்வு நிறுவனத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். அங்கேதான் விளங்கியது.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யோத்சுயா நிலையத்தில் இறங்கி நடந்தால் போய்விடலாம். பக்கத்தில் சோஃபியா பல்கலைக்கழகம். 1988இல் தொடங்கியது. இன்று பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாக்ஸ் வேபர் அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் வந்து வேலை செய்கிறார்கள். மக்கள்தொகை மூப்பு, மகிழ்ச்சி, சிற்றூர்களின் எதிர்காலம், டிஜிட்டல் மாற்றம் என்று காலத்துக்கு ஏற்பப் பொதுத் தலைப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். சமகால ஜப்பானைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழும் நடத்துகிறார்கள். உங்களுக்கு முக்கியமானது வேறொன்று: இளம் ஆய்வாளர்கள் தங்கள் பாதி வெந்த வேலையை எடுத்து வைத்துப் பேசும் ஆய்வு வட்டம். வெளியாரும் போய் உட்காரலாம்.

அந்த வட்டத்தில் என் வினாத்தாளைக் காட்டினேன். வயதான ஜப்பானியப் பெண்மணி ஒருவர் முதல் வரியை விரலால் தொட்டு, "இந்தச் சொல்லை அவர்கள் வீட்டுக்கே அனுப்பினீர்களா?" என்று கேட்டார். நான் எழுதியிருந்த சொல் 'கென்காய் ஷூராகு', எல்லையைத் தொட்டுவிட்ட ஊர். ஓனோ அகிரா என்ற சமூகவியலாளர் உண்டாக்கிய சொல் அது. பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்களாகி, ஊர்ப் பொது வேலைகளை நடத்தவே சிரமப்படும் இடத்தைக் குறிக்கும். ஆய்வுக் கட்டுரையில் அது பயனுள்ள சொல். அந்த ஊரிலேயே வாழ்கிற மனிதரிடம் அதைக் கொடுத்தால், "உங்கள் ஊர் முடியப்போகிறது, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பதாகத்தான் ஆகும்.

ஆகவே முதல் வேலை சொற்களைச் சரி செய்வது. உங்கள் கேள்விகளை ஜப்பானிய மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். எழுதியதை மூன்று பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அதில் ஒருவராவது கிராமத்தில் பிறந்து நகரத்துக்கு வந்தவராக இருக்கட்டும். அவர் எந்த இடத்தில் முகம் மாறுகிறார் என்று பாருங்கள். வாயால் சொல்ல மாட்டார்.

அடுத்தது எண்கள். அரசின் இ-ஸ்டாட் தளத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1920இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் 1ஆம் தேதியை வைத்து எடுக்கிறார்கள். 2020 கணக்கின்படி நாட்டில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 28.6 சதவீதம். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, நானும் அதில் விழுந்தேன். 1999இல் 3,232 ஆக இருந்த நகராட்சிகளும் ஊராட்சிகளும், பெரிய இணைப்புகளுக்குப் பிறகு 2010இல் 1,727 ஆகிவிட்டன. நீங்கள் போகப் போகிற மலையூர் இன்று ஏதோ ஒரு நகரத்தின் மூலையாக இருக்கலாம். நகரத்துக்கான சராசரியைப் பார்த்தால் ஊர் தெரியவே தெரியாது. சிறு பகுதிவாரி அட்டவணையைத் தேடி எடுங்கள். இணைப்புக்கு முந்தைய கிராமத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரியவர்கள் பேசும்போது அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

பழைய கிராமத்தின் வரலாற்றுப் புத்தகத்தைத் தேட நாகாதாச்சோவில் உள்ள தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்குப் போங்கள். 18 வயதானவர் எவரும் பதிவு செய்து உள்ளே போகலாம். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும், வேண்டியதை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போகலாம். புத்தகம் அலமாரியில் இருக்காது, கேட்டுத்தான் வரவழைக்க வேண்டும். நகல் எடுப்பதற்குப் பதிப்புரிமை வரம்பு உண்டு, பொதுவாக ஒரு நூலில் பாதிக்கு மேல் தர மாட்டார்கள். எனவே முதல் நாள் பொருளடக்கத்தை மட்டும் பார்த்து, எந்த அத்தியாயம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பள்ளி எப்போது மூடினார்கள், பேருந்து எப்போது நின்றது, தீயணைப்புக் குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளமில்லாத நீண்ட ஆய்வுக்குப் பண்பாட்டுச் செயல்பாட்டு விசா என்று ஒன்று உண்டு. அதற்கு உங்களை ஏற்கும் ஒரு நிறுவனம் வேண்டும். விசாவுக்கு முன் ஜப்பானில் பெற வேண்டிய தகுதிச் சான்றிதழ் வர ஒன்றிரண்டு மாதங்கள், சில நேரம் மூன்றும் ஆகும். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் தகுதி நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.

சரி, இப்போது ஊருக்குப் போகலாம். ஊருக்குள் நுழைய ஒரே வழி ஜிச்சிகாய், அதாவது குடியிருப்போர் சங்கம். அதன் தலைவரைச் சந்திக்காமல் ஒரு காகிதம்கூடத் தராதீர்கள். நகராட்சி அலுவலகத்திலோ சமூகநலப் பேரவையிலோ ஒரு அறிமுகத்தைப் பெற்று, பெயர் அட்டையுடன், ஒரு சின்னப் பரிசுடன் போங்கள். அட்டையை இரு கையாலும் கொடுத்து, வாங்கியதை உடனே பையில் திணிக்காமல் மேசையில் எதிரில் வையுங்கள். "அது கொஞ்சம் கடினம்" என்று தலைவர் சொன்னால் முடியாது என்று அர்த்தம். வற்புறுத்தாதீர்கள், வேறு வழி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவரே ஒரு வழி சொல்வார்.

அப்புறம் மின்செய்-இயினைத் தேடுங்கள். முதியவர் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவரும் நலன் ஆணையர் அவர். நலத்துறை அமைச்சர் நியமிக்கிறார், மூன்றாண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. 1917இல் ஒகாயாமாவில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டிலிருந்து வளர்ந்த முறை இது. யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரகசியம் காக்கும் கடமை அவருக்கு உண்டு. நபர்களைப் பற்றி அவரிடம் துருவாதீர்கள். ஊரின் ஓட்டத்தைக் கேளுங்கள்.

பேட்டி எடுப்பதைவிட எனக்குப் பலன் தந்தது புல்வெட்டுதான். கோடையில் சங்கமே நாள் குறித்து, காலையிலேயே வீட்டுக்கு ஒருவர் வந்து சாலையோரப் புல்லை வெட்டுகிறார்கள். இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று எனக்கு ஒரு வாருகோலைக் கொடுத்தார்கள். வெட்டிய புல்லைக் கூட்டி ஒதுக்கினேன். இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டே அவர்கள் பேசிய அரை மணி நேரத்தில், 120 வினாத்தாள்களில் கிடைக்காதது கிடைத்தது. "இங்கே ஒன்றுமில்லை" என்ற வாக்கியம் அங்கே அடிக்கடி வரும். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் எது இல்லை என்று கேளுங்கள். ஒருவருக்குப் பெட்ரோல் பங்க் இல்லை, ஒருவருக்கு மருத்துவரிடம் போகப் பேருந்து இல்லை, ஒரு பாட்டிக்குப் பல்லக்குத் திருவிழாவில் பல்லக்குத் தூக்க ஆளில்லை. மூன்றும் மூன்று வேறு ஆய்வு.

ஒலிப்பதிவுக் கருவியை முதல் சந்திப்பில் எடுக்காதீர்கள். அனுமதி கேட்டு, எதற்கு, எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து, இரண்டாவது சந்திப்பில் எடுங்கள். அன்றிரவே குறிப்புகளை எழுதிவிடுங்கள். வட்டார வழக்கு மறுநாள் காதில் நிற்காது.

காலி வீடுகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். 2023 வீடு-நிலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 90 லட்சம் வீடுகள், 13.8 சதவீதம், காலி. அது எல்லா வீட்டையும் எண்ணாமல் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் கணக்கெடுப்பு என்பதால் சின்ன ஊருக்குத் தனி எண் கிடைக்காது. நீங்களே நடந்து எண்ண வேண்டும். கதவு பூட்டி இருப்பதை வைத்துக் காலி என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே முன்னோருக்கான புத்த மாடம் இருக்கும், ஆகஸ்டில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விழாவுக்கு ஒசாகாவிலிருந்து மகன் வந்து கல்லறையைத் துடைப்பார். மாடம் இருப்பதால் வாடகைக்கு விட மனம் வராத குடும்பங்களும் உண்டு. ஓபோன் வாரத்தில் இன்னொரு முறை எண்ணுங்கள். எந்த வாசலில் கார் நிற்கிறது என்று குறியுங்கள். இந்த ஒரு வாரத்தைத் தவறவிட்டால் உங்கள் கணக்கு முழுக்கச் சாய்ந்துவிடும்.

திரும்பிப் போவதையும் திட்டத்தில் சேருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1950 முதல் 1955 வரை ஒகாயாமாவில் ஆய்வு நிலையமே வைத்திருந்தது. வியன்னா பல்கலைக்கழகம் 1968-69இல் கியூஷூவின் ஆசோ பகுதியில் பெரிய கிராம ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் பங்கேற்ற யோசெஃப் க்ரைனர்தான் பின்னாளில் நான் சொன்ன டோக்கியோ நிறுவனத்தின் முதல் இயக்குநர். ஆசோவுக்கு வியன்னாவின் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். பழைய குறிப்புகள் கையில் இருந்ததால்தான் எது மாறியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. உங்கள் குறிப்பையும் இன்னொருவர் ஐம்பது ஆண்டு கழித்துப் படிக்கும்படி, தேதியோடும் வரைபடத்தோடும் எழுதுங்கள்.

கடைசி வேலை, முடிவுகளை ஊருக்குத் தருவது. ஆய்விதழ்க் கட்டுரையை அனுப்பினால் யாரும் படிக்கப்போவதில்லை. பெரிய எழுத்தில் நான்கு பக்கம், ஜப்பானிய மொழியில், தலைவரிடம் முதலில் காட்டி அனுமதி வாங்கி, கைரான்பானில் வைக்கச் சொல்லுங்கள். கைரான்பான் என்பது ஊர்ச் செய்திகளை வைத்து வீட்டுக்கு வீடு சுற்றும் அட்டைக் கோப்பு. படித்தவர் கையெழுத்திட்டோ முத்திரை குத்தியோ அடுத்த வீட்டில் கொடுப்பார். என்னுடையது மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. காலி வீடு 11 என்று நான் எழுதியிருந்த இடத்தில் யாரோ பென்சிலால் மெல்லியதாகக் கோடு போட்டு, 9 என்று எழுதி, இரண்டு வீட்டுப் பெயரையும் அவர்கள் வரும் மாதத்தையும் ஓரத்தில் குறித்திருந்தார்கள். அதனால் உங்கள் நான்கு பக்கத்தை அச்சிடும்போது வலது ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெறுமையாக விட்டு, கோப்போடு ஒரு பென்சிலையும் கட்டி அனுப்புங்கள்.