வாளவரையா, ஜாக் பீனா? கனவாலியா கொடிகளை இனம் காணும் முறை

மும்பை அடுக்குமாடியில் ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட வாளவரை விதை கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் அதே கனவாலியா பேரினத்தைச் சேர்ந்த ஜாக் பீன். அது புதர் போல நின்றுவிடும், கம்பியைத் தேடிப் போகாது. விதைப் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. நமக்கு வேண்டியவை ஒரு நகைக்கடை லென்ஸ், ஒரு எஃகு அளவுகோல், ஒரு முழம் தையல் நூல். செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் பேரினம் வரை கொண்டுவிடும். அதற்கு மேல் அவற்றுக்குப் போக்கில்லை.

படி 1: பேரினத்தை உறுதிசெய்தல்

அவரைக் குடும்பம், மூன்று சிற்றிலை என்பதெல்லாம் தெரிந்ததே. பூவின் அடியில் இருக்கும் புல்லி வட்டத்தைப் பாருங்கள். இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும்: மேலுதடு பெரியது, இரு மடல் கொண்டது, கீழுதட்டில் மூன்று சின்னப் பற்கள். காயின் மேல் விளிம்பில் இருக்கும் பொருத்துக் கோட்டை ஒட்டிக் கூடுதலாக ஒரு வரம்பு ஓடும். இவை இரண்டும் இருந்தால் கனவாலியாதான்.

படி 2: பூ தலைகீழா?

புதியவர்கள் திணறுவது இங்கேதான்; என்னை அதிகநேரம் உட்காரவைத்ததும் இதுதான். பாடப்புத்தகத்தில் அவரைப் பூ என்றால் கொடியல்லி என்னும் அகன்ற இதழ் மேலே, படகல்லி என்னும் படகு வடிவ இதழ்கள் கீழே. கனவாலியாவில் பூக்காம்பு முறுக்கிக்கொள்வதால் அகன்ற கொடியல்லி கீழே தரைபோல விரிந்திருக்கும். படகல்லி மேலே வளைந்து நிற்கும். தச்சுத்தேனீ அந்தத் தரையில் வந்து இறங்கித் தேனுக்காகத் தலையை நுழைக்கும்போது, மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். ஆகவே பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு மேல் கீழ் தீர்மானிக்காதீர்கள். கொடியில் இருக்கும்போதே பாருங்கள். (சங்குப்பூவும் இப்படித்தான் கவிழ்ந்திருக்கும். ஆனால் அதன் இலையில் பொதுவாக ஐந்து, ஏழு சிற்றிலைகள், குழப்பம் வராது.)

படி 3: விதைத் தழும்பை அளத்தல்

சிவப்பு விதை என்றால் வாளவரை, வெள்ளை என்றால் ஜாக் பீன் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. வாளவரையிலும் வெள்ளை விதை உண்டு. விதை காம்போடு ஒட்டியிருந்த தழும்பின் நீளத்தைப் பாருங்கள். வாளவரையில், அதாவது கனவாலியா கிளாடியாட்டாவில், அது விதையின் ஒரு பக்கம் முழுக்க ஓடும், ஏறக்குறைய விதையின் நீளமே இருக்கும். ஜாக் பீனில், அதாவது என்சிஃபார்மிஸில், விதை நீளத்தில் பாதியைத் தாண்டாது. தழும்பு வளைந்திருப்பதால் அளவுகோலை நேராக வைத்தால் குறைவாகக் காட்டும். நூலை அதன்மேல் படியவைத்து, முனைகளை நகத்தால் பிடித்து, பிறகு நூலை அளந்துகொள்ளுங்கள்.

1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கிக் காட்டியது இந்த ஜாக் பீனில் இருந்துதான். 1946இல் நோபல் பரிசிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. வெள்ளை விதையைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம்.

படி 4: பெயரைச் சரிபார்த்தல்

பழைய நூல்களில் வாளவரைக்கும் என்சிஃபார்மிஸ் என்றே பெயர் போட்டிருப்பதுண்டு. கடற்கரை மணலில் தரையோடு படரும், நுனி மழுங்கிய வட்டச் சிற்றிலை கொண்ட கனவாலியா ரோசியாவை மாரிட்டிமா என்றும் எழுதியிருப்பார்கள். ரோசியாவும் மாரிட்டிமாவும் ஒன்றே. இப்போது ஏற்கப்பட்ட பெயர் எது என்பதற்குக் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையத் தரவுத்தளம் போதும். வேறெங்கும் அலைய வேண்டாம்.

மும்பை மாட்டுங்கா காய்கறிக் கடைகளில் தம்பட்டங்காய், அதாவது வாளவரைக் காய், வாங்கினால், பிஞ்சைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய விதையில் கனவானின், கான்கனாவலின் ஏ போன்ற நச்சுத்தன்மையுள்ள பொருள்கள் இருப்பதால், அளந்து பார்த்த விதையை அப்படியே வாயில் போடக் கூடாது.

பின்சேர்க்கை: "தழும்பு நீளமாக இருக்கிறது, ஆனால் காய் குட்டையாக உப்பியிருக்கிறதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது கனவாலியா கத்தார்ட்டிகா என்ற இன்னொரு இனமாக இருக்கலாம். அதிலும் தழும்பு நீளம்தான். அதனால் தழும்போடு விதையின் முழு நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: கத்தார்ட்டிகா விதை சுமார் 2 செ.மீ.க்குள் நின்றுவிடும், வாளவரை விதை அதைத் தாண்டி 3 செ.மீ. வரையும் போகும். காயையும் அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. வாளவரைக் காய் 20 செ.மீ.க்கு மேல் நீண்டு தட்டையாக இருக்கும்.