‘நிலம்’ என்றால் வயல்: எல்லையோரத்தில் மின் திட்டத்துக்கு இடம் பார்ப்போர் செய்யும் தவறுகள்

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் சூரிய மின் நிலையத்துக்கு இடம் பார்க்கும் தமிழர்கள் இடறி விழுவது பெரும்பாலும் ஒரு தமிழ்ச் சொல்லில்தான். கேரள வருவாய்த்துறையின் அடிப்படை வரிப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். மேட்டுக்காடும் தோப்பும் ‘புரயிடம்’ என்று பதிவாகும். நமக்கோ நிலம் என்பது எல்லா மண்ணுக்கும் பொதுப்பெயர். ஆகவே தென்னை நிற்பதையும் தரிசாகக் கிடப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு, ஆவணத்தில் உள்ள சொல்லைப் பொருட்படுத்தாமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தச் சர்வே எண், நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் குறித்துவைக்கும் ‘டேட்டா பேங்க்’ பட்டியலில் இருந்தால், பொதுத்தேவை என்று அரசே விலக்களித்தாலன்றி, அங்கே மின் நிலையம் எழுப்ப முடியாது. பட்டியலில் இல்லாமல் வரிப் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்றிருந்தால், 2018இல் சேர்க்கப்பட்ட 27ஏ பிரிவின்கீழ் வருவாய்க் கோட்ட அலுவலரிடம் (ஆர்.டி.ஓ.) வகை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. எனவே இரண்டு பதிவேடுகளையும் பார்க்காமல் கிரயம் பேசுவது வீண் வேலை.

‘மின் உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்று தரகர்கள் சொல்வது பொய்யன்று; 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 7ஆம் பிரிவில் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது உற்பத்தி உரிமத்தை மட்டுமே நீக்கியது. நிலம், காடு, உள்ளாட்சி தொடர்பான அனுமதிகளை அது தொடவில்லை.

மாநில அனுமதி கிடைத்தால் போதும் என்று நம்புவது எல்லையோரத்துக்கே உரிய தவறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் மாநில அளவில் பரிசீலிக்கப்படும் ‘பி’ வகைத் திட்டங்கள், மாநில எல்லைக்கோ, தேசியப் பூங்கா, சரணாலயம் போன்ற காப்புப் பகுதிக்கோ அருகில் அமைந்தால் ஒன்றிய அரசின் பரிசீலனைக்குப் போய்விடும். அந்தத் தொலைவை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவாக 5 கிலோமீட்டர் என்று குறைத்தாலும், அனல்மின், நதிப்பள்ளத்தாக்குத் திட்டங்களுக்கு 10 கிலோமீட்டர் என்றே வைத்தது. இந்தக் காப்புப் பகுதி அடுத்த மாநிலத்தில் இருந்தாலும் கணக்கில் வரும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம் மின் நிலையமன்று என்றாலும், அதன் சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது, கேரளத்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருந்ததால்தான்.

காற்றாலையும் சூரிய ஒளித் தகடுகளும் அந்த அறிவிக்கையின் அட்டவணையில் இல்லை. ஆனாலும் காற்றாலைக்கென்று ஒன்றிய அரசு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்பிலிருந்து 500 மீட்டரும், சாலையிலிருந்து கோபுர உயரம், சுழலியின் பாதி விட்டம், அதற்குமேல் 5 மீட்டர் ஆகிய மூன்றையும் கூட்டிய தொலைவும் விடச் சொல்கிறது. காற்றாலை தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து, வேலிக்கு அப்பால் தெரியும் வீடு பாலக்காட்டுக் கணக்கில் இருந்தாலும், டேப்பை அதன் சுவர்வரை பிடித்துத்தான் அளக்க வேண்டும்.