நியாண்டர்தால் பற்றி எழுதுகிறீர்களா? ஆண்டுக் கணக்கில் வழுக்காதீர்கள்

அறிவியல் எழுத வந்திருக்கும் ஆறு இளைஞர்களின் கட்டுரைகளைச் சென்ற மாதம் திருத்திக் கொடுத்தேன். ஐரோப்பாவில் பழைய மனித இனமான நியாண்டர்தால்கள் மறைந்து, நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் பரவிய காலம்தான் பொருள். நான்கு கட்டுரைகளில், முன்பு நான் செய்த அதே பிழை அச்சு மாறாமல் இருந்தது. படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. பாதி என் மேல்தான்.

டைனோசரையும் நியாண்டர்தாலையும் ஒரே படத்தில் நிறுத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

நியாண்டர்தால் மாறி நாம் ஆனோம் என்பது

அவர்கள் நமக்குப் பாட்டன் முறை ஆகமாட்டார்கள். பங்காளி முறை. பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, நம் மூதாதையருக்கும் நியாண்டர்தால்களுக்கும் இடையே இருந்திருக்கிறது. அதனால்தான் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 2 விழுக்காடு நியாண்டர்தால் பங்கு. கொரோனாவைக் கடுமையாக்கும் மரபணுத் துண்டு ஒன்று அவர்களிடமிருந்து வந்தது என்று 2020-இல் தெரியவந்தபோது, அதைச் சுமப்பவர்கள் ஐரோப்பாவைவிடத் தெற்காசியாவில்தான் மிகுதி என்பதும் தெரிந்தது.

காலக்கணிப்பு எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

2012-இல் ஒரு கண்காட்சிக்காகக் கையேடு எழுதினேன். குரோவேசியாவின் விந்தியா குகையில் நியாண்டர்தால்கள் 28,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தார்கள் என்று அதில் ஒரு வரி. (இந்த முறை ஒரு கட்டுரையில் அது 'விந்திய மலைக் குகை' ஆகியிருந்தது. மத்தியப் பிரதேசத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1999-இல் வெளியான எண் அது. 2,000 பிரதிகள் அச்சாகி வந்த பிறகு, என் பேச்சைக் கேட்க வந்த ஒரு முதியவர் எழுந்து, "அந்த எலும்பை 2006-இல் மறுபடி அளந்தார்களே, பார்க்கவில்லையா?" என்றார். பார்க்கவில்லை. புதிய கணக்கு 32,000-க்கும் மேல். இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாப் பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். 2017-இல் அந்தச் சீட்டும் பொய்த்தது. எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து ஹைட்ராக்சிபுரோலின் என்ற ஒரே அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்து அளந்தபோது, அந்த எலும்புகள் 40,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று தெரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது? எலும்பில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். அதன் அணுக்களில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். 40,000 ஆண்டு என்றால் ஏழு முறை பாதியாகிவிட்டது. தொடக்கத்தில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அந்த எலும்பில் இன்றைய கரிமம் வெறும் 1 விழுக்காடு கலந்தால் போதும், வயது 33,000 என்று காட்டும். மண்ணிலிருந்து வரலாம், அருங்காட்சியகத்தில் பூசிய பசையிலிருந்தும் வரலாம். பெல்ஜியத்தின் ஸ்பீ குகையில் 1886-இல் எடுத்த எலும்புகளுக்கு நேர்ந்தது அதுதான். மாட்டு எலும்பைக் காய்ச்சிய பசை, நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே அந்த வகை, ஒரு தோள்பட்டை எலும்பில் ஊறியிருந்தது. நியாண்டர்தாலின் வயதை அளக்கிறோம் என்று நினைத்து மாட்டையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். 2021-இல் திருத்திய கணக்குப்படி, அந்தப் பகுதியில் நியாண்டர்தால்கள் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள்.

அடுத்த குழி, அளவுத்திருத்தம். கருவி தரும் 'கார்பன் ஆண்டு' நாட்காட்டி ஆண்டாகாது. வளிமண்டலத்தில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதால் திருத்த வேண்டும். 35,000 கார்பன் ஆண்டு, திருத்தினால் 40,000-ஐ ஒட்டி வரும். பழைய அறிக்கையில் திருத்தாத எண், புதிய அறிக்கையில் திருத்திய எண். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், இரு இனமும் பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் ஒன்றாக வாழ்ந்தது போன்ற தோற்றம் வரும். என் கையேட்டில் வந்தது. அந்த நான்கு கட்டுரைகளிலும் வந்திருக்கிறது. தாமஸ் ஹைம் குழு 40 இடங்களின் மாதிரிகளைச் சுத்தப்படுத்தி அளந்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், இரு இனமும் ஐரோப்பாவில் ஒரே காலத்தில் இருந்தது 2,600 முதல் 5,400 ஆண்டுகள்தான்.

வயது கூடிப்போவதும் உண்டு. ஜெர்மனியின் ஃபோகல்ஹெர்ட் குகையில் 1931-இல் கிடைத்த மனித எலும்புகளை, அருகில் இருந்த கருவிகளை வைத்து 30,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று நம்பினார்கள். 2004-இல் எலும்பையே அளந்தபோது 5,000 கார்பன் ஆண்டுகூட ஆகவில்லை. பிற்காலத்தார் அந்தப் பழைய அடுக்கைத் தோண்டிப் புதைத்திருக்கிறார்கள்.

ஆகவே எண்ணை எழுதும் முன் விசாரியுங்கள். எந்த ஆண்டில் அளந்தார்கள், எலும்பையா பக்கத்திலிருந்த கரியையா, திருத்தியதா திருத்தாததா. விடை கிடைக்கவில்லையென்றால் அந்த எண் வேண்டாம்.

கல்லைக் கண்டு ஆளைச் சொல்வது

ஜெர்மனியின் ரானிஸ் குகையில் கிடைத்த இலை வடிவக் கல்முனைகளை நியாண்டர்தால் வேலை என்று பலரும் கருதிவந்தார்கள். அங்கே மறுபடி தோண்டி, எலும்புத் துணுக்குகளில் டிஎன்ஏ பார்த்து 2024-இல் அறிவித்தார்கள். ஆள் சேப்பியன்ஸ், காலம் ஏறத்தாழ 47,500 ஆண்டுகளுக்கு முன். பிரான்சில் கிடைத்த ஷட்டல்பெரோனியம் என்ற வகைக் கல்கருவிகளைச் செய்தவர் யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நீங்கள் தீர்ப்பெழுத வேண்டாம்.

ஒரே நாளில் வீடு மாறியது போல எழுதுவது

பிரான்சில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மாண்ட்ரின் குகையில், ஏறத்தாழ 54,000 ஆண்டுப் பழமையான அடுக்கில் கிடைத்த குழந்தைப் பல் ஒன்றை சேப்பியன்ஸின் பல் என்று 2022-இல் அறிவித்தார்கள். அதற்கு மேலடுக்கில் மறுபடியும் நியாண்டர்தால்கள். வந்தவர்கள் எல்லாம் தங்கவில்லை. ருமேனியாவின் ஓவாசே குகையில் 2002-இல் கிடைத்த சேப்பியன்ஸ் தாடைக்காரருக்கு நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள் ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்தார். ஆனால் இன்றைய ஐரோப்பியரிடம் அவர் கிளையின் தடயம் இல்லை.

ஏன் அழிந்தார்கள் என்பதை ஒரே வரியில் சொல்வது

சொல்லாதீர்கள்.

'முதல்', 'கடைசி'

முன்னால் 'இதுவரை கிடைத்ததில்' என்று சேருங்கள்.

தாலா, டாலா?

1901-இல் ஜெர்மன் எழுத்துமுறையைத் திருத்தியபோது, இந்த இனத்துக்குப் பெயர் தந்த பள்ளத்தாக்கின் பெயரில் (Neanderthal) h என்ற எழுத்து போயிற்று. அறிவியல் பெயரில் அந்த h நிலைத்துவிட்டது. தமிழில் எதையும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.