இரும்பிலும் எவர்சில்வரிலும் மை சீல் அடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மதுரையில் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருப்பவர்களும் சரி, அனுப்பானடி, சிந்தாமணி பக்கம் எவர்சில்வர் பட்டறை நடத்துபவர்களும் சரி, செய்த பொருளின் மேல் எதையாவது குறித்து அனுப்பியே ஆக வேண்டும். லாட் நம்பர், தேதி, அளவு, 'க்யூசி ஓகே', கம்பெனிப் பெயர் என்று ஏதாவது ஒன்று. மார்க்கர் பேனாவால் எழுதினால் ஆளுக்கொரு கையெழுத்து. ஸ்டிக்கர் வெயிலில் உரியும். லேசர் மெஷின் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. கையால் அடிக்கும் ரப்பர் சீல் இந்த வேலைக்கு நன்றாகவே போதும். ஆனால் ஆபீஸ் சீலையும் ஊதா மை பேடையும் எடுத்துத் தகட்டில் குத்திப் பார்த்துவிட்டு, "தொட்டா வந்துருதுண்ணே" என்று பாதியிலேயே கைவிடுபவர்கள்தான் அதிகம்.

அவர்கள் கைவிட வேண்டியதே இல்லை. மை, ரப்பர், பேடு, சுத்தம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் எழுத்து உலோகத்தில் நன்றாகப் பிடிக்கும். அவற்றில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மை. பெரும்பாலோர் முதலில் சீலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பிறகு மை தேடுகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான்.

மையைத் தேர்ந்தெடுங்கள்

சாதாரண சீல் மையில் தண்ணீரும் கிளிசரினும் சாயமும் இருக்கும். காகிதம் அதை உறிஞ்சிக்கொள்வதால் காய்ந்த மாதிரித் தெரிகிறது. தகடு எதையும் உறிஞ்சாது. கிளிசரினோ லேசில் ஆவியாகாது. அதனால் காலையில் அடித்த சீலை மாலையில் தொட்டாலும் விரலில் ஒட்டும்.

உலோகத்துக்கென்று விற்கும் மை வேறு வகை. அதில் கரைப்பான் இருக்கும். கரைப்பானுக்குள் பிசினும் நிறமும் கலந்திருக்கும். அடித்ததும் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், பிசின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு தகட்டோடு ஒட்டிவிடும். கடையில் 'குவிக் ட்ரை மை', 'நான்-போரஸ் மை', 'மெட்டல் மார்க்கிங் மை' என்று எந்தப் பெயரில் கேட்டாலும், விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருப்பது ஆல்கஹாலா, கீட்டோனா?

ஆல்கஹால் வகை கொஞ்சம் மெதுவாகக் காயும், ரப்பரையும் பெயின்ட்டையும் அவ்வளவாகத் தாக்காது. எம்ஈகே, அசிட்டோன் போன்ற கீட்டோன் வகை சட்டென்று காயும், பிடிப்பும் அதிகம். ஆனால் ரப்பர், பெயின்ட், பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு), பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பதம் பார்த்துவிடும். முதன்முதலாகச் செய்பவர்கள் ஆல்கஹால் மையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும் நாட்களில் கீட்டோன் மை பேடிலேயே காய்ந்து போய், கை பழகாதவர்களைப் படாத பாடு படுத்தும்.

நிறத்தைப் பொறுத்தவரை பளபளக்கும் எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டுக்கும் கறுப்புதான். கறுப்பாகப் பவுடர் கோட்டிங் செய்த பாகங்களுக்கு வெள்ளை. வெள்ளை மையின் நிறமி கனமானது, பாட்டிலின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் பேடில் வெறும் கரைப்பான்தான் விழும்.

எவர்சில்வர் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளோரைடு அந்த உலோகத்துக்கு ஆகாது, புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். கெமிக்கல் பிளான்ட்டுக்கோ பாய்லருக்கோ போகும் குழாய் என்றால், குளோரைடு குறைவான மை என்று கேட்டு, அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ரப்பர்

சீல் கடையில் போய் வெறுமனே "சீல் வேணும்ண்ணே" என்றால் பாலிமர் சீலோ, தானாக மை போட்டுக்கொள்ளும் செல்ஃப் இங்க் சீலோதான் கிடைக்கும். இரண்டுமே தண்ணீர் மைக்கானவை. கரைப்பான் பட்டால் பாலிமர் எழுத்து பிசுபிசுத்துப் போகும், செல்ஃப் இங்க் டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் கெட்டுவிடும். கேட்க வேண்டிய விதம் இது: "அண்ணே, தகட்டுல அடிக்கணும். பேடு தனியா, கைப்பிடி சீல்தான் வேணும். என்ன ரப்பர்ல போடுவீங்க?"

ஆல்கஹால் மைக்குச் சாதாரண இயற்கை ரப்பரே தாங்கும். கீட்டோன் மைக்கு ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான் சரி. இங்கே ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கும் டீசலுக்கும் தாங்குவதால் எல்லாக் கெமிக்கலுக்கும் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீட்டோனில் நைட்ரைல் ஊதிப்போகும். ஈபிடிஎம் அதற்கு நேர்மாறு: கீட்டோனுக்கு அசையாது, எண்ணெய் பட்டால் கெடும். மதுரையைச் சுற்றி ரப்பர் மோல்டிங் யூனிட்டுகள் நிறைய இருப்பது நமக்கு வசதி. சீல் கடையில் ஈபிடிஎம் இல்லை என்றாலும் துண்டு ஷீட் தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை.

சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் அதே ரப்பரில் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்குங்கள். அதை இரண்டாக நறுக்கி, ஒன்றை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் மையோடு போட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் எடுத்துத் துடைத்து, ஊறாத துண்டின் பக்கத்தில் வையுங்கள். பெரிதாகியிருந்தாலோ, ஓரம் நெளிந்திருந்தாலோ, நகத்தால் அழுத்தும்போது மாவு மாதிரி அமுங்கினாலோ அந்த ரப்பர் வேண்டாம். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிட்டால் காசு மிச்சம்.

எழுத்து அமைப்பில் கஞ்சத்தனம் கூடாது. காகிதத்தில் 2 மில்லிமீட்டர் எழுத்துகூடத் தெளிவாக விழும். தகட்டில் மை கொஞ்சம் பரவும் என்பதால் ஆங்கில எழுத்தும் எண்ணும் 4 மில்லிமீட்டராவது இருக்கட்டும். தமிழில் போடுவதாக இருந்தால் 6 மில்லிமீட்டர். ண, ஞ, ஊ இவற்றின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். எண்களில் 8-க்கும் 6-க்கும் அதே கதி. வால், கொம்பு வைத்த அலங்கார எழுத்துரு வேண்டவே வேண்டாம். ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டித் தரச் சொல்லுங்கள். லேசாக மேடு பள்ளமான தகட்டிலும் எழுத்து முழுதாக விழ அது உதவும்.

பேடு

சாதாரண பேடின் ஸ்பாஞ்சையும் பிளாஸ்டிக் பெட்டியையும் கரைப்பான் மை நாசம் செய்துவிடும். மை போடாத ஃபெல்ட் பேடு, தகரப் பெட்டியிலோ பாலிப்ரொப்பிலீன் பெட்டியிலோ கிடைப்பது, அதை வாங்குங்கள். பேடின் மேல் மையைக் கோடு கோடாக ஊற்றி, பழைய கார்டின் ஓரத்தால் இழுத்துப் பரப்பி, சில நிமிடம் ஊறவிடுங்கள். சாய்த்துப் பார்த்தால் மை ஓடக் கூடாது. விரலால் அழுத்தினால் கசிய வேண்டும். அவ்வளவு ஈரம் போதும்.

தகட்டைச் சுத்தம் செய்வது

வேலையில் பாதி இதுதான். ஷீட்டில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய், பிரஸ்ஸில் போட்ட எண்ணெய், எவர்சில்வர் பாலிஷ் போட்ட மெழுகு, பிளாஸ்டிக் பிலிம் உரித்த இடத்துப் பசை, நம் கை வியர்வை என எல்லாம் அந்தத் தகட்டின் மேல் இருக்கிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். மை ஒட்டுவதோ அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்.

பட்டறையில் கைக்கு வருவது டீசலும் மண்ணெண்ணெயும். அவை கெட்டி கிரீஸை எடுக்கும், ஆனால் தாமே ஒரு படலத்தை விட்டுப் போகும். எனவே அவற்றோடு நிறுத்தாதீர்கள். கடைசித் துடைப்பு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ இருக்க வேண்டும். இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள், துவைத்த வெள்ளை பனியன் வேஸ்ட்டாக. கலர் துணியின் சாயம் கரைப்பானில் இளகித் தகட்டில் ஏறும். முதல் துணியை நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். அது காய்வதற்கு முன்பே இரண்டாவது, காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தானே காயட்டும் என்று விட்டுவிட்டால், கரைந்த எண்ணெய் திரும்ப அதே இடத்தில்தான் படியும்.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மெஷின் எதுவும் தேவையில்லை. அதே மாதிரித் துடைத்த ஒரு கழிவுத் துண்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். சுத்தமாக இருந்தால் ஒரே ஏடாகப் படர்ந்து, உடையாமல் வழியும். அந்த ஏடு உடையாமல் வழியும் நிலை வரும் வரைக்கும் எத்தனை முறை துடைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், மற்ற பீஸ்களுக்கும் அதே கணக்குதான்.

துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள். பவுடர் கோட்டிங் போட்ட பாகத்தில் அசிட்டோன் வேண்டாம், பளபளப்பு போய்விடும். அங்கே ஆல்கஹால் மட்டும். அதையும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் தொட்டுப் பாருங்கள்.

அடிப்பது

ஓங்கிக் குத்துவது காகிதத்துக்கான பழக்கம். தகட்டில் அப்படி அடித்தால் மைக்குப் போக்கிடம் இருக்காது. எழுத்தின் நடுவிலிருந்து பிதுங்கி ஓரத்துக்குப் போகும். உற்றுப் பாருங்கள்: கோட்டின் நடுவே வெளுத்தும், இரண்டு கரையிலும் அடர் கறுப்பாகவும் இருந்தால் அழுத்தம் அதிகம் அல்லது மை அதிகம் என்று அர்த்தம். விட்டுவிட்டுப் புள்ளியாக விழுந்தால் மை குறைவு.

சீலைப் பேடில் மெதுவாக இரண்டு முறை தொட்டெடுங்கள். புதிதாக மை ஊற்றிய பேடு என்றால் முதல் இரண்டு அச்சைக் காகிதத்தில் போட்டு விடுங்கள். பிறகு தகட்டில் சீலைச் சமமாக வைத்து, மணிக்கட்டு அசையாமல் அழுத்தி, நேராக மேலே எடுங்கள். சாய்த்து எடுத்தால் ஒரு பக்கம் இழுபடும். தொட்டதிலிருந்து அடிப்பது வரை தாமதிக்கக் கூடாது, மை ரப்பரிலேயே காய ஆரம்பித்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வதும் வேண்டாம்.

சரியாக விழவில்லையா? அதன்மேலேயே இன்னொரு முறை அடிக்காதீர்கள். துணியில் கரைப்பான் தொட்டு உடனே துடைத்துவிட்டு, மறுபடி சுத்தம் செய்து அடியுங்கள். காகிதத்தில் கிடைக்காத சௌகரியம் இது.

உருண்டைப் பொருளுக்கு வேறு உத்தி. பைப்பாக இருந்தால் சீலை மேசையில் எழுத்து மேலே பார்க்க வைத்து, பேடைக் கவிழ்த்து அதன்மேல் ஒற்றி, பைப்பை ஒரே ஓட்டமாக உருட்டிவிடுங்கள். டம்ளர் போல வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் நேராக உருளாது, வட்டமடிக்கும். நீளமான வரி கோணலாகத்தான் விழும். அதற்குச் சின்ன முத்திரையாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அடிப்பாகத்தில் அடித்துவிடுங்கள். வளைந்த அடிக்கட்டையுள்ள ராக்கர் சீல் என்று ஒன்று உண்டு, பெரிய டிரம் மாதிரியான பொருளுக்கு அது தோது.

காய்ந்ததா, பிடித்ததா?

தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரமே வந்துவிடும். முழுப் பிடிப்பு வர ஒரு நாள் விடுங்கள். ஒரு மாதிரித் துண்டில் அடித்து, மறுநாள் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரியுங்கள். ஈரத் துணியால் தேயுங்கள். இரும்புப் பாகத்துக்குத் துரு எண்ணெய் தடவித்தான் அனுப்புவீர்கள் என்றால், அந்த எண்ணெயையும் மாதிரித் துண்டில் தடவி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். சில மைகள் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகிவிடும். கஸ்டமரிடம் போய்ச் சேர்ந்த பிறகு அது தெரிவதைவிட உங்கள் மேசையிலேயே தெரிவது நல்லது.

நெருப்பு விஷயம்

இதைப் பட்டறைகளில் அலட்சியமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும், அசிட்டோன் பூஜ்ஜியத்துக்கும் 20 டிகிரி கீழேயே. நம் ஊர் மார்கழிப் பனியில்கூட இவை ஆபத்தானவைதான். வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தின் பக்கத்தில் மை பாட்டிலும் துணியும் இருக்கவே கூடாது. நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையுறை போடுங்கள், ஆனால் மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரம் ஊடுருவிவிடும்; நனைந்தால் கழற்றி மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும்

சீலைக் காகிதத்தில் மை வராமல் போகும் வரை ஒற்றி, அந்த மைக்கான கிளீனரைத் துணியில் தொட்டுத் துடைத்துவிடுங்கள். கரைப்பானில் முக்கி வைக்க வேண்டாம், கட்டையோடு ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். ரப்பர் தரையில் படாதபடி படுக்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேடு மூடியை நடு வேலையிலும் அடிக்கடி மூடும் பழக்கம் வரட்டும். காய்ந்த பேடை மீட்க அதே கம்பெனி தரும் ரீஃபில் கரைப்பானை ஊற்றுங்கள். கையில் கிடைத்த பெயின்ட் தின்னரை ஊற்றினால் பிசின் திரிந்து கட்டி தட்டலாம்.

இந்த மை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் அண்டாவிலும் தேக்சாவிலும் அடுப்பு நெருப்பும் தேய்க்கிற நாரும் ஒரே வாரத்தில் எழுத்தைத் தின்றுவிடும். அங்கே பெயர் வெட்டுவதுதான் வழி. சாப்பாடு படும் உட்பக்கத்தில் எந்த மையும் கூடாது. எவர்சில்வரில் நிரந்தரமாக, லேசர் செலவு இல்லாமல் வேண்டும் என்றால் ஸ்டென்சிலும் கரைசலும் குறைந்த வோல்ட் மின்சாரமும் வைத்துச் செய்யும் எலக்ட்ரோ கெமிக்கல் மார்க்கிங் இருக்கிறது.