உள்ளே இருப்பதைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

"எனக்கு என்ன வரும் என்று முதலில் தெரிந்துகொள்கிறேன், அப்புறம் தொடங்குகிறேன்." கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் ஓவியம், பாட்டு என்று வகுப்புகளை விசாரிக்க வருகிறவர்களில் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்த அம்மாக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பொறியியல் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள். அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. வரிசைதான் தலைகீழ். நமக்குள் இருப்பது யோசித்துத் தெரிவதில்லை. கை ஒரு வேலையில் இறங்கிய பிறகு, எங்கே நேரம் போவது தெரியவில்லை, எங்கே சலிக்கிறது என்று கவனித்தால்தான் பிடிபடும். வண்ணம் பூச ஆசைப்பட்டு வந்தவர், கோடு போடும்போதுதான் தன்னை மறக்கிறார். தொடங்காமல் இருந்திருந்தால் அவருக்கே அது தெரிந்திருக்காது.

அடுத்த தவறு, விதிகளைக் கண்டு மிரள்வது. இலக்கணம் கற்றால் சொந்தக் கற்பனை செத்துவிடும் என்று நினைப்பவர்கள் சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைகளுக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கே தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு குறிக்கிறார்கள். முகம் இவ்வளவு, உடல் இவ்வளவு என்று சிற்ப சாஸ்திரம் வகுத்த 'தாளம்' என்ற அளவுக் கணக்கு அது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அளவு எல்லோருக்கும் பொது. ஆனால் இரண்டு ஸ்தபதிகள், அதாவது சிற்பிகள், செய்த நடராஜரை அருகருகே வைத்துப் பாருங்கள். புன்னகை வேறு, தூக்கிய காலின் துள்ளல் வேறு. விதியை விட்டதால் வந்த வேறுபாடு அல்ல அது. அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத அளவுக்குக் கை பழகியதால் வந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு இப்போது எல்லாம் சேர்ந்த பெட்டியாகவே கிடைக்கிறது. அச்சிட்ட கோட்டுருவம், கற்கள், ஒட்டுவதற்கான தங்க ரேக்கு எல்லாம் உள்ளே இருக்கும். பழகுவதற்கு அது நல்லதுதான், நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் பெட்டி பெட்டியாக வாங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால், கிருஷ்ணனின் கண்ணை எப்படி வரைவது என்ற கேள்வியே உங்களுக்கு வராது. இரண்டு படம் முடித்த பிறகு, மூன்றாவதை வெறும் பலகையில் நீங்களே கோடு போட்டுத் தொடங்குங்கள். கோணலாக வரட்டும்.

கற்றது போதும் என்று நின்றுவிடுவதைப் பற்றிச் சொல்ல, எங்கள் கும்பகோணத்திலேயே நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1880இல் உ.வே. சாமிநாதையர் இங்கே அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அவர் படித்திருந்த நூல்களின் பட்டியல் நீளமானது. ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அதைக் கேட்டு அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் பார்த்ததுகூட இல்லை. அவமானம் என்று விலகியிருக்கலாம். ஏட்டை வாங்கிப் பிரித்தார். அதிலிருந்த சமண சமயச் செய்திகள் புரியாதபோது, ஊரில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். அவர் பதிப்பித்த சிந்தாமணி 1887இல் அச்சாகி வந்தது. பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பிப்பதுதான் தம் வாழ்நாள் வேலை என்று அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் ஐயருக்குத் தெரிந்தது. நம் பட்டியலைக் கேட்டு அசராத ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

தனியாகத்தான் சாதிக்க வேண்டும் என்ற எண்ணமும் ஆபத்தானது. நாதஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன் புழங்கிய நாதஸ்வரம் திமிரி நாயனம். குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். அவர் தேடிய நாதம் அதில் கிடைக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து உழைத்ததில்தான், நீளம் கூடிச் சுருதி இறங்கிய பாரி நாயனம் உருவானது. ஊதியவர் ஒருவர், ஆச்சா மரத்தைக் கடைந்தவர் இன்னொருவர். இருவரில் ஒருவர் இல்லையென்றாலும் இன்று நாம் கேட்கும் நாதஸ்வரம் இப்படி இருந்திருக்காது.

வேலையை விட்டால்தான் கலை வரும் என்று நம்பாதீர்கள். புதுக்கவிதைக்கு வழி திறந்த கும்பகோணத்துக்காரர் ந. பிச்சமூர்த்தி வழக்கறிஞராக இருந்தார், பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். அரைகுறையாக நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதையும் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். பாராட்டு வந்த திசையிலேயே கை போகத் தொடங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. இது என்னை உண்மையிலேயே வருத்தும் தவறு. "தடை எல்லாம் மனசில்தான்" என்று சொல்வது. எல்லாத் தடையும் மனசில் இல்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட ஒரு காலத்தில் இடமே கிடையாது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்துத் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார், 1925இல் குடமுழுக்கு நடந்தது. அதன் பிறகும் தடை உடனே நீங்கிவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பிரிந்து நடந்தவை 1940 வாக்கில்தான் ஒன்றாயின. மன உறுதி அவரிடம் இருந்தது. ஆனால் நிலமும் கட்டடமும் கூட வந்து பாடிய பெண்களும் சேர்ந்துதான் அந்த வாசலைத் திறந்தார்கள்.

ஆகவே, கல்யாணத்தோடு பாட்டை நிறுத்திய பெண்ணிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசாதீர்கள். வாரத்தில் இரண்டு மாலை அவள் வீட்டு அடுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு மகளை வெளியே அனுப்பத் தயங்கும் வீடு என்றால், அதே தெருவில் இன்னும் மூன்று நான்கு பெண்களைச் சேர்த்து, ஒரு வீட்டுக் கூடத்தில் வகுப்பு வைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் வகுப்பு நிற்கும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், வயல் வேலை உள்ளவர்களும் பாதியில் விடாமல் வருவார்கள்.