சீக்கிரம் படுப்பதுதான் முதல் தப்பு

ஏடிஹெச்டியோடு (கவனம் சிதறி, துறுதுறுவென அலையவைக்கும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை) தூக்கமும் வராத எனக்கு வீட்டில் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "ஒன்பது மணிக்கே படு, தானா வரும்." படுத்தேன். ஒரு மணி வரை சேலம் அம்மாபேட்டை விசைத்தறிச் சத்தம்தான் துணை.

சோம்பேறித்தனம் இல்லை இது. ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு உடலின் கடிகாரமே பிந்தி ஓடுகிறது. தூக்கத்துக்குக் கட்டியம் கூறும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஒன்றரை மணி நேரம் வரைகூடத் தாமதமாகச் சுரக்கும். அதற்கு முன்பே போய்க் கிடந்தால், படுக்கை என்றாலே முழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். கண் சொக்கும்போது படுத்தால் போதும். இருபது நிமிடம் போலப் புரண்டும் வரவில்லையா, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள். சலிப்பான வேலைதான் வேண்டும். ஆனால் நமக்குச் சலிப்புதான் எமன், கை உடனே போனைத் தேடும். அதனால் என் சார்ஜர் இப்போது சமையலறையில்.

"காபி குடித்தால் எனக்குத் தூக்கம்தான் வரும்" என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வோம். ஐந்து ரோட்டில் மாலை ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தூங்கினாலும் ஆழம் இருக்காது.

காலையில் மறந்த ஏடிஹெச்டி மாத்திரையை மதியம் இரண்டு மணிக்குப் போடுவது இன்னொரு தப்பு. நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் என்ற அந்த வகை மருந்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அன்றைய இரவு போச்சு. அதற்காகத் தானாக நிறுத்தவும் கூடாது. சிலருக்கு மருந்து இருந்தால்தான் மனசு அடங்கித் தூக்கமே வரும். டாக்டரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கித் தூங்கிப் பார்த்தேன். மறுநாள் கவனம் இன்னும் மோசம். வாரத்தில் மூன்று இரவு, மூன்று மாதம் என்று நீடித்தால் மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியது தூக்கமின்மைக்கான சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. குறட்டையும், இரவில் கால் குடைச்சலும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம்.

அப்புறம் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் குளிரில் தூங்கிவிடலாம் என்று நினைத்தேன். தறிச் சத்தம் இல்லாத அமைதியில் மூளை இன்னும் சத்தமாகப் பேசியது. ஃபேனைப் போட்டுக் கம்பளிக்குள் புகுந்த பிறகுதான் கண் அயர்ந்தது. அதைவிடப் பெரிய தப்பு, ஞாயிறு பத்தரை வரை தூங்கி 'கடனை அடைத்தது'. அன்றிரவு மூன்று மணி வரை முழிப்பு. இப்போது எப்போது தூங்கினாலும் எழுவது ஆறரைக்கு, நேராக மொட்டை மாடி வெயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை அது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.