ஸோரிஸோ கொண்டு சிடி, டிவிடி, புளூ-ரே எழுதுவது: வெற்று வட்டு முதல் சரிபார்ப்பு வரை

லினக்ஸில் வட்டு எழுத நம்பிக் கையில் எடுக்கக்கூடிய திறமூலத் தொகுதி லிப்பர்னியா. இதில் மூன்று லைப்ரரிகள் உண்டு. லிப்பர்ன் டிரைவோடு பேசும். லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ் கோப்புகளை ஐஎஸ்ஓ 9660 என்ற, வட்டுகளுக்கான பொதுக் கோப்பு அமைப்பில் அடுக்கும். லிப்ஐஎஸ்ஓபர்ன் இவ்விரண்டையும் இணைத்து, ஏற்கெனவே எழுதிய வட்டில் மேலும் சேர்க்கும் வேலையைப் பார்க்கும். இவற்றின் மேல் அமர்ந்திருக்கும் கட்டளைவரி நிரல்தான் ஸோரிஸோ. எக்ஸ், ஓ, இரண்டு ஆர், ஐ, எஸ், ஓ என்று எழுத்துக்கூட்டித் தட்ட வேண்டும்.

பழைய வழிகாட்டிகளில் வோடிம், ஜெனிஸோஇமேஜ் என்ற பெயர்கள் வரும். 2006இல் சிடிஆர்டூல்ஸின் உரிமம் மாறியதை ஒட்டி டெபியன் பிரித்தெடுத்த சிடிஆர்கிட் என்ற கிளையின் நிரல்கள் அவை. அந்தக் கிளை வெகுநாளாக வளர்ச்சியின்றி நிற்கிறது. அவற்றுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். ஸோரிஸோவுக்கு 'ஆஸ் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ்', 'ஆஸ் சிடிரெக்கார்ட்' என்று இரு முகமூடிகள் உண்டு. பழைய விருப்பக்குறிகளில் பெரும்பாலானவற்றை அப்படியே ஏற்கும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பு வடிவில் தருகிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், முன்னால் ஒற்றைக் கோடு சேர்த்து, பல சொல் இருந்தால் நடுவில் அடிக்கோடு வைத்துத் தட்டுங்கள். 'ஆஸ் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ்', 'ஆஸ் சிடிரெக்கார்ட்', 'ஜோலியட் ஆன்', 'பிளாங்க் ஆஸ் நீடட்' ஆகியவற்றில் முதல் சொல்லுக்குப் பின் அடிக்கோடு அல்ல, இடைவெளி. 'பேட்சைஸ்', 'எஸ்பிசெக்டர்', 'டேட்டா டூ', 'செக்டர் மேப்' ஆகியவற்றுக்கு முன்னால் கோடு வேண்டாம்; பின்னால் சமக்குறி வைத்து மதிப்பைத் தாருங்கள்.

டிரைவ் கண்ணில் படுகிறதா

டெபியனிலும் உபுண்டுவிலும் ஸோரிஸோ என்ற பெயரிலேயே பொதி கிடைக்கும். நிறுவியதும் 'டிவைஸஸ்' கட்டளையை இயக்குங்கள். பெரும்பாலும் எஸ்ஆர்0 என்ற முகவரி வரும். ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் அனுமதியைப் பாருங்கள்: டெபியன் வகை அமைப்புகளில் உங்கள் பயனர்க் கணக்கு 'சிடிரோம்' குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால்தான் அது செல்லும். டிரைவ் தெரிந்தும் 'பிஸி' என்று மறுத்தால், டெஸ்க்டாப் அந்த வட்டைத் தானாக மவுன்ட் செய்து (கோப்பு அடைவாகத் திறந்து) பிடித்து வைத்திருக்கிறது. அன்மவுன்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். ரூட் கணக்கில் ஓட்டிப் பார்ப்பது இதற்கு மருந்தல்ல.

அடுத்து, வட்டைப் போட்டு 'டிஓசி' கேளுங்கள். வட்டின் வகையும், அது வெற்றா, மேலும் சேர்க்கக்கூடியதா, மூடப்பட்டதா என்ற நிலையும் வரும். உறையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் டிரைவ் சொல்வதை நம்புங்கள்.

அளவுக் கணக்கு

ஸோரிஸோ எல்லாவற்றையும் 2048 பைட் கொண்ட பிளாக்குகளில் எண்ணும். 80 நிமிட சிடியில் 3,60,000 பிளாக், அதாவது நிமிடத்துக்கு 60 நொடி, நொடிக்கு 75 பிளாக். ஒற்றை அடுக்கு டிவிடி பிளஸ்-ஆரில் 22,95,104 பிளாக். டிவிடி மைனஸ்-ஆரில் 22,98,496. பிளஸ் வட்டில் 470 கோடி பைட்டுக்குச் சற்று மேல் கொள்ளும். கோப்பு மேலாளர் இதையே 4.38 என்று காட்டினால், அது 1024ஆல் வகுத்த கணக்கு. இந்த வேறுபாட்டில்தான் 'இடம் போதவில்லை' என்ற ஏமாற்றம் பெரும்பாலும் பிறக்கிறது. எழுதும் முன் 'பிரின்ட் சைஸ்' கொடுத்தால் எத்தனை பிளாக் போகப்போகிறது என்றும், 'டெல் மீடியா ஸ்பேஸ்' கொடுத்தால் வட்டில் எத்தனை மிச்சம் என்றும் தெரியும்.

எழுதும் வரிசை

ஸோரிஸோ கட்டளைகளை இடமிருந்து வலமாக, நீங்கள் தந்த வரிசையிலேயே நிறைவேற்றும். ஆகவே அமைப்புகள் முன்னால், கோப்புகள் பின்னால்.

1. 'ஃபார் பேக்கப்' கொடுங்கள். இது எம்டி5 சரிபார்ப்பு எண், அனுமதிப் பட்டியல், கடின இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பதிய வைக்கும். எதை விட்டாலும் எம்டி5ஐ விடாதீர்கள்.
2. விண்டோஸிலும் திறக்க வேண்டுமென்றால் 'ஜோலியட் ஆன்'.
3. 'அவுட்டெவ்' கொடுத்து டிரைவின் முகவரி. ஏற்கெனவே எழுதிய வட்டில் சேர்ப்பதானால் இதற்குப் பதில் 'டெவ்'; அது பழைய கோப்பு மரத்தை ஏற்றிக்கொண்டு அதன்மேல் வேலை செய்யும்.
4. மறுபடி எழுதக்கூடிய வட்டை முழுதாகக் காலி செய்து தொடங்க 'பிளாங்க் ஆஸ் நீடட்'. உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், கவனம்.
5. 'வால்ஐடி' கொடுத்து வட்டுக்குப் பெயர். 32 எழுத்துக்குள், ஆங்கிலப் பேரெழுத்து, எண், அடிக்கோடு மட்டும். இங்கே தமிழ் வேண்டாம்.
6. 'மேப்' கொடுத்து, கணினியில் உள்ள அடைவின் பாதை, பிறகு வட்டில் அது இருக்க வேண்டிய பாதை.
7. 'கமிட்'.

கமிட் என்று தட்டாவிட்டால் எதுவும் எழுதாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நிலுவையில் மாற்றம் இருந்தால் நிரல் முடியும்போது ஸோரிஸோ அதைத் தானே எழுதிவிடும். ஒத்திகை பார்ப்பதானால் கடைசியில் 'ரோல்பேக் எண்ட்' போடுங்கள்.

வேகத்தை வட்டில் குறித்திருக்கும் உச்சத்தில் ஏறத்தாழ பாதிக்கு வைப்பது எங்கள் பரிந்துரை. மிக மெதுவாக எழுதினால் தரம் கூடும் என்பதில்லை. ஒவ்வொரு வகை வட்டுக்கும் லேசரை எப்படி இயக்குவது என்ற உத்தி டிரைவின் உள்மென்பொருளில் இருக்கிறது. கடைக்கோடி வேகங்களில் அது சரியாக அமையாமல் போகலாம்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

'பொங்கல்' என்பது கண்ணுக்கு நான்கெழுத்து. கணினிக்கு ஏழு: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். லினக்ஸ் படிக்கும் ராக் ரிட்ஜ் பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழில் 85 குறிகள் கொள்ளும். விண்டோஸ் படிக்கும் ஜோலியட்டுக்கு, பின்னொட்டும் சேர்த்து, 64 குறிகளே. 'பொங்கல் விழா சிறப்புக் கவியரங்கம்' என்று நீட்டி, தேதியும் ஊரும் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். தாண்டினால் பெயர் வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் நீண்ட பெயர்களை வெட்டிய பின் எது எது என்று அடையாளம் காண்பது பெரும்பாடு. தேதியைப் பெயரின் முன்னால் வையுங்கள்.

ஜோலியட்டே போடாமல் விட்டால் விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் வெறும் அடிக்கோடுகளாக நிற்கும். இன்னொரு பொறி க்ரான், அதாவது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல். உங்கள் டெர்மினலில் ஒழுங்காக ஓடும் கட்டளை, க்ரானில் யூடிஎஃப்-8 லோக்கேல் (மொழி, எழுத்துக்குறியாக்க அமைப்பு) இல்லாமல் ஓடும். ஜோலியட்டுக்கு எழுத்து மாற்ற வழியின்றிப் பெயர்கள் சிதையும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே லோக்கேலை அமைத்துவிடுங்கள்.

வட்டுக்கு வட்டு குணம்

சிடியில் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் முடிவில் படிக்கவே முடியாத இரண்டு பிளாக்குகள் அமையும். லினக்ஸ் முன்கூட்டியே படிக்கும் பழக்கத்தில் அவற்றைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள நல்ல பிளாக்குகளையும் பிழை என்று சொல்லும். அதனால்தான் ஸோரிஸோ இயல்பாகவே இறுதியில் 300 கிலோபைட் வெற்றுத் திணிப்பு சேர்க்கிறது. தயாரான ஐஎஸ்ஓ இமேஜை 'ஆஸ் சிடிரெக்கார்ட்' வழியாக எழுதும்போது 'பேட்சைஸ்' என்று 300கே நீங்களே தாருங்கள்.

டிவிடி மைனஸ்-ஆர்டபிள்யூவை அடிக்கடி பயன்படுத்துவதானால் ஒருமுறை 'ஃபார்மட்' செய்து வையுங்கள். பிறகு அழிக்காமலே மேலெழுதலாம். அவசரமாக, மிகக் குறைந்த அளவில் அழித்த வட்டில் ஒரே அமர்வுதான் (ஒரு தடவையில் எழுதும் தொகுதி) எழுதலாம், அடுத்த முறை சேர்க்க முடியாது. டிவிடி பிளஸ்-ஆர்டபிள்யூ, பிடி-ஆர்இ (மறுபடி எழுதக்கூடிய புளூ-ரே) போன்றவற்றில் அமர்வு என்பதே கிடையாது. லிப்ஐஎஸ்ஓபர்ன் முதல் அமர்வை 32ஆம் பிளாக்கில் தொடங்கி, 16ஆம் பிளாக்கில் உள்ள தலைப்பை ஒவ்வொரு முறையும் புதுப்பித்து அமர்வுகளை உருவாக்கிக் காட்டுகிறது. பழைய நிலை எதுவும் அழியாது. 'டிஓசி' காட்டும் தொடக்க எண்ணை 'எஸ்பிசெக்டர்' என்று மவுன்ட்டுக்குக் கொடுத்தால் போன மாதம் அந்த வட்டு இருந்த நிலையைத் திறக்கலாம்.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய புளூ-ரேயான பிடி-ஆரை ஃபார்மட் செய்யாமலே எழுதுங்கள். ஃபார்மட் செய்தால் டிரைவ் எழுதியதை உடனுக்குடன் படித்துச் சோதிக்கும். வேகம் பாதியாகவோ அதற்கும் கீழோ போகும், கொள்ளளவும் குறையும்.

இசை சிடிக்கு ஸோரிஸோ உதவாது. அதற்கு லிப்பர்னியாவின் சிடிஆர்ஸ்கின். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாகத் தர வேண்டும். எம்பி3ஐ அது பிரித்துத் தராது.

சொந்த நிரலில் சேர்க்க

சி மொழியில் லிப்பர்னை நேரடியாக அழைப்பவர்கள், மூலக்கோப்பின் டெஸ்ட் அடைவில் உள்ள லிப்பர்னர் என்ற மாதிரி நிரலை முதலில் படியுங்கள். எல்லா டிரைவ்களையும் துழாவும் 'பர்ன் டிரைவ் ஸ்கேன்' செயற்கூறைத் தவிருங்கள். வேறொரு நிரல் பக்கத்து டிரைவில் எழுதிக்கொண்டிருந்தால் அதை இடறிவிடும். முகவரி கொடுத்து ஒன்றை மட்டும் பிடிக்கும் 'ஸ்கேன் அண்ட் கிராப்' இருக்கிறது. எழுதத் தொடங்கும் முன் 'ப்ரீசெக் ரைட்' அழைத்தால், அந்த வட்டுக்குப் பொருந்தாத அமைப்பு ஏதும் இருந்தால் வட்டு வீணாகும் முன்பே காரணம் சொல்லும்.

படித்துப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள்

எழுதி முடிந்ததும் வட்டை வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள். எழுதும் முன் இருந்த நிலையையே கெர்னல் நினைவில் வைத்திருக்கும். தட்டைத் திறந்து மூடினால்தான் புதிய அளவு தெரியும். பிறகு 'இன்டெவ்' கொடுத்து வட்டை ஏற்றி 'செக் மீடியா'. பகுதி பகுதியாக முடிவு வரும். கூட்டல் குறியோடு எம்டி5 பொருந்தியதாகச் சொன்னால் நல்லது. 'ஸ்லோ' என்று வந்தால் இன்று படிக்கிறது, ஆனால் திணறுகிறது; இன்னொரு பிரதி எடுங்கள். கழித்தல் குறி வந்தால் மோசம். விதிவிலக்கு 'டிஏஓ எண்ட்' (டிராக்-அட்-ஒன்ஸ் முடிவு); அது மேலே சொன்ன இரண்டு பிளாக், பயப்பட வேண்டாம்.

எழுதும்போதே நின்றுவிட்டால் டிரைவ் தரும் மூன்று எண்களைப் பாருங்கள். 3, 73, 03 என்றால் லேசர் சக்தியை அளந்து பார்க்கும் இடத்திலேயே தோல்வி: வேறு தயாரிப்பு வட்டைப் போடுங்கள், அதிலும் வந்தால் டிரைவின் லேசர் ஓய்ந்துவிட்டது. 3, 0சி, 00 என்றால் எழுதும் பிழை: வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். 5, 30, 05 என்றால் வட்டு வகை பொருந்தவில்லை. யூஎஸ்பி மெல்லிய டிரைவ் நடுவில் காணாமல் போனால் குற்றம் பெரும்பாலும் மின்சாரத்தில்; தனி மின்வழி இல்லாத ஹப்பை நீக்கிவிட்டு கணினியில் நேரே செருகுங்கள்.

பழைய வட்டில் சில பகுதிகள் படிக்கவில்லை என்றாலும் 'செக் மீடியா'வே மீட்புக் கருவியாகும். 'டேட்டா டூ' என்று ஒரு கோப்பையும், 'செக்டர் மேப்' என்று இன்னொரு கோப்பையும் கொடுங்கள். படித்த பிளாக்குகள் முதல் கோப்பில் சேரும். எவை கிடைத்தன என்ற கணக்கு இரண்டாவதில். அடுத்த ஓட்டத்தில் கிடைக்காதவற்றை மட்டுமே தேடும். வட்டைத் துடைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும், மீண்டும் ஓட்டுங்கள். அதே இரு கோப்புகளோடு வேறொரு டிரைவிலும் ஓட்டுங்கள். ஒன்று கைவிட்ட பிளாக்கை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.